மலக்குடல் ஆபரேஷன்: வீட்டில் பார்த்துக்கொள்பவர் தெரிந்திருக்க வேண்டியவை

கேள்வியின் சுருக்கம்: உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்கு வயது 56, எடை 52 கிலோ, சர்க்கரை நோய் உண்டு. மலக்குடலில் புற்றுநோய்க் கட்டி. கதிர்வீச்சும் கீமோ மாத்திரையும் முடிந்துவிட்டன. மூன்று வாரத்தில் மதுரையில் ஆபரேஷன். கட்டியை எடுத்துக் குடலை இணைத்துவிட்டு, சில மாதங்களுக்கு மலம் வந்து சேர வயிற்றில் பை வைப்பார்களாம். இப்போது என்ன தயார் செய்ய வேண்டும், பிறகு என்ன சாப்பிடக் கொடுக்கலாம், எதற்குப் பயப்பட வேண்டும், அம்மா மறுபடி பூ எடுக்கப் போக முடியுமா?

நம் பக்கத்தில் வயிற்று ஆபரேஷன் என்றாலே இரண்டு காரியங்கள் தானாக நடக்கும். ஒன்று, ஆளை எழுந்திருக்க விடாமல் படுக்க வைப்பது. இன்னொன்று, பத்தியம் என்று ரசம் சோற்றோடு நிறுத்திவிடுவது. பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் குடல் ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரலில் சளி கட்டுவதும், காலில் ரத்தம் உறைவதும், புண் ஆறாமல் இழுப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டோடு தொடர்புள்ளவை. டாக்டர் செய்கிற வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதியை நீங்கள்தான் செய்யப்போகிறீர்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த மூன்று வாரம்

காத்திருக்கிற நாள்கள் வீண் நாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாவைத் தினமும் அரை மணி நேரம், மூச்சு சற்று வாங்குகிற வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். கதிர்வீச்சில் பசி குறைந்து எடை இறங்கியிருந்தால் இப்போதே முட்டை, பால், மீன், பருப்பு என்று ஏற்றுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேளுங்கள். கட்டியிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கும், குறைவாகத்தான் இருக்கும். இரும்புச்சத்தை நரம்பு வழி ஊசியாக ஏற்றினால் சில வாரங்களில் பலன் தெரியும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் கேட்டால் ரத்தம் ஏற்றுவது ஒன்றுதான் வழி.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அதுவும் வெளியே போகட்டும். நிகோட்டின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கும். இணைத்த குடல் ஒட்டுவதற்கு அந்தச் சிறு குழாய்களில் ஓடும் ரத்தம்தான் ஆதாரம்.

மாத்திரைகளை வாயால் சொல்லாதீர்கள். அட்டைகளையே ஒரு பையில் போட்டு மயக்க மருந்து டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை: க்ளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகள் (இதய டாக்டரைக் கேட்டு, வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்னால் நிறுத்துவார்கள், நீங்களாக நிறுத்தக் கூடாது), டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் (குறைந்தது 3 நாள் முன்னால் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பட்டினி கிடக்கும்போது சர்க்கரை அளவு சரியாகக் காட்டினாலும் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும்). நாட்டு மருந்து, லேகியம், சூரணம் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் அதிகம்.

மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்று வாங்கச் சொல்வார்கள். பாதிப் பேர் அதைப் பலூன் மாதிரி ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். வாயில் குழாயை வைத்து மெதுவாக மூச்சை உள்ளே இழுத்து, பந்து மேலே நிற்கும்படி இரண்டு மூன்று நொடி பிடித்து, பிறகு குழாயை எடுத்துவிட்டு வெளியே விட வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்து முறை. வலி இல்லாத இப்போதே பழகிவிட்டால் ஆபரேஷன் முடிந்த மறுநாள் சுலபமாக வரும்.

அடுத்தது, பலரும் கேட்கத் தவறுவது. பை எந்த இடத்தில் வரப்போகிறது என்று ஆபரேஷனுக்கு முன்பே வயிற்றில் பேனாவால் குறிக்க வேண்டும். அம்மா நிற்கும்போது, தரையில் சம்மணம் போட்டு உட்காரும்போது, குனியும்போது என்று மூன்று நிலையிலும் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். பாவாடை நாடா இறுகும் கோட்டிலோ வயிற்று மடிப்பிலோ அது வந்துவிட்டால், பையைத் தோலோடு பிடித்துவைக்கும் தகடு ஒட்டாது, நாள்தோறும் கசியும். அம்மா வழக்கமாகக் கட்டும் சேலையோடே போகச் சொல்லி, நாடாவின் கோட்டை டாக்டருக்கோ சிஸ்டருக்கோ காட்டுங்கள். ஐந்து நிமிட வேலைதான், பல மாத அவதியை மிச்சப்படுத்தும்.

செலவு விஷயம். அரசு இராசாசி மருத்துவமனை, அதாவது நம் பெரிய ஆஸ்பத்திரி என்றாலும், தனியார் என்றாலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை முதலிலேயே காட்டிவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். தனியார் ஆஸ்பத்திரி என்றால், இந்த ஆபரேஷனுக்கு அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா, முன் அனுமதி வந்துவிட்டதா, வீட்டுக்கு வந்த பிறகு வாங்கும் பைகளுக்குப் பணம் உண்டா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

வார்டில்

முந்தின நாள் குடலைக் கழுவப் பவுடர் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஒரு பாக்கெட்டை 2 லிட்டர் தண்ணீரில் கலந்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்க வேண்டியிருக்கும். குளிரவைத்துக் குடித்தால் குமட்டல் குறையும். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எவ்வளவு போடுவது என்பதை அன்றைக்கென்று எழுதி வாங்குங்கள். வழக்கமான அளவைப் போட்டால் தாழ் சர்க்கரை வந்து மயங்கிவிடுவார். திட உணவை ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்துவது பொது விதி. உங்கள் மயக்க மருந்து டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு.

ஆபரேஷன் முடிந்து பார்க்கும்போது ஏகப்பட்ட குழாய்கள் இருக்கும். பார்த்ததும் கலங்க வேண்டாம். சிறுநீர்க் குழாய் சில நாளில் எடுப்பார்கள். இடுப்புக்குள் கட்டி இருந்த இடத்தருகே மூத்திரப்பைக்குப் போகும் நரம்புகள் ஓடுவதால், எடுத்த பிறகு சிறுநீர் இறங்கத் தாமதமாகலாம். ஆறு மணி நேரம் ஆகியும் வரவில்லை என்றால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். வயிற்றுப் பக்கத்தில் இருப்பது, உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் ட்ரெய்ன் குழாய். அதில் வரும் நீரின் நிறத்தைத் தினமும் பாருங்கள். முதலில் சிவப்பாக வந்து, பிறகு வெளிறி, வைக்கோல் நிறத்துக்கு மாற வேண்டும். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ரோஸ்கோப்பி முறை என்றால் தோள்பட்டையில் வலி சொல்வார். வயிற்றில் ஏற்றிய வாயு உதரவிதானத்தை எரிச்சல்படுத்துவதால் வருவது அது. ஓரிரு நாளில் போய்விடும்.

வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் என்று அம்மா நினைக்கலாம். இந்த ஆபரேஷனில் அது கெடுதல். வலிக்குப் பயந்து இருமாமல், மூச்சை மேலோட்டமாக விட்டுக்கொண்டு, அசையாமல் கிடந்தால் மூன்றாம் நாள் காய்ச்சலும் சளியும் வரும். வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள். இருமும்போது சிறு தலையணை ஒன்றைத் தையல் மேல் வைத்து இரு கையாலும் அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மறுநாளே உட்கார வைத்து, முடிந்தால் கட்டிலைச் சுற்றி நடக்க வைப்பார்கள். "தையல் பிரிந்துவிடும்" என்று உறவினர் யாராவது தடுப்பார்கள். நடப்பதால் தையல் பிரியாது. நடந்தால் கால் ரத்தம் உறையாது, குடலும் சீக்கிரம் விழிக்கும். எழும் முறை ஒன்று உண்டு: நேராக எழாமல் ஒருபக்கமாகத் திரும்பி, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். வயிற்றுத் தசை இழுபடாது. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் தோலுக்கடியில் ஒரு ஊசியும் போடுவார்கள். புற்றுநோய் ஆபரேஷன் என்பதால் சிலருக்கு அதை வீட்டிலும் மொத்தம் நான்கு வாரம் வரை தொடரச் சொல்வார்கள். அதை டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள்.

குடல் வேலை செய்யத் தொடங்கிய அடையாளம், பையில் காற்று நிறைவதும் பச்சை கலந்த நீர் வருவதும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தொடங்கும். வயிறு உப்பி வாந்தி வந்தால் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

இணைப்பு கசிந்தால்

எல்லோரும் அதிகம் பயப்பட வேண்டியதும், குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். இணைத்த குடல் ஒட்டாமல் கசிவது பெரும்பாலும் ஐந்தாம் நாளை ஒட்டி, மூன்று முதல் பன்னிரண்டு நாளுக்குள் வெளிப்படும். அதாவது சிலருக்கு வீட்டுக்கு வந்த பிறகு. மேலே பை வைப்பதே, மலம் இணைப்பைத் தாண்டிப் போகாமல் இருக்கத்தான். பை இருந்தால் கசிவின் விளைவு குறையும், ஆனால் கசிவே வராது என்று சொல்ல முடியாது. சர்க்கரையும் கதிர்வீச்சும் உள்ளவருக்கு அபாயம் கூடுதல்.

காய்ச்சலுக்கு முன்னால் நாடி சொல்லிவிடும். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். அமைதியாகப் படுத்திருக்கும்போது 100-க்கு மேல் தொடர்ந்து இருந்தால், வலி இல்லை என்று அம்மா சொன்னாலும், டாக்டருக்குத் தகவல் போக வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல், குறைந்துகொண்டிருந்த வலி திரும்ப ஏறுவது, அடிவயிற்றிலோ ஆசனவாயிலோ அழுத்தம், ஆசனவாய் வழியாகச் சீழ் அல்லது நாற்றமுள்ள நீர், ட்ரெய்ன் நீர் சேறு நிறமாக மாறுவது, காரணமில்லாமல் ஆள் குழம்பிப் பேசுவது, இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். உள்ளூரில் ஊசி போட்டு ஒருநாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போங்கள். உசிலம்பட்டியிலிருந்து செக்கானூரணி வழியாக மதுரை சுமார் 40 கிலோமீட்டர்தான், 108-ஐக் கூப்பிட்டால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பதற வேண்டாம். மலம் பையில் போனாலும், ஆசனவாய் வழியாகச் சளி போல் கொஞ்சம் வரும். குடலின் உள்தோல் தானாகச் சுரப்பது அது.

என்ன சாப்பிடலாம்

52 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 62 முதல் 78 கிராம் புரதம் வேண்டும். இதுதான் சாப்பாட்டில் முதல் கணக்கு, காரம் புளி எல்லாம் பிறகு. மூன்று முட்டையில் 18 கிராம். பால், தயிர், மோர் என்று 400 மில்லியில் 13. வேகவைத்த மீனோ கோழியோ 100 கிராமில் 20 முதல் 25. துவரம்பருப்பு அல்லது பாசிப்பருப்பு 50 கிராமைக் கடைந்து கொடுத்தால் 11. இட்லி, இடியாப்பம், சோற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு வரும். கூட்டினால் சரியாகப் போகும். ரசம் சோறு மட்டும் என்றால் 20 கிராமைத் தாண்டாது. எலும்பு சூப்பைப் பற்றி நம் ஊரில் பெரிய நம்பிக்கை. சூடாக, உப்பாக, வாய்க்கு இதமாக இருக்கும், நீர்ச்சத்துக்கு நல்லது. ஆனால் புரதம் கறியில்தான் இருக்கிறது, சாற்றில் அதிகம் இறங்குவதில்லை. சூப்பைக் கொடுங்கள், கறியையும் நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுங்கள். முட்டை சீழ் பிடிக்க வைக்கும், மீன் புண்ணைக் கிளறும் என்பவர்களுக்குத் தலையாட்டிவிட்டு, தட்டில் வைத்துவிடுங்கள்.

மூன்று பெரிய வேளையை விட ஆறு சிறு வேளை. முதல் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு நார் குறைவாக. பையுள்ள சிறுகுடல் வாய் இன்னும் வீங்கித்தான் இருக்கும், நார் உருண்டு அடைத்துக்கொள்ளும். அதனால் முருங்கைக்காய், கீரைத் தண்டு, தேங்காய்ச் சில், மக்காச்சோளம், பனங்கிழங்கு, காளான், நிலக்கடலை, கொய்யா விதை, ஆரஞ்சுச் சுளையின் தோல், பலா எல்லாம் அப்போதைக்கு வேண்டாம். மீண்டும் தொடங்கும்போது ஒரு நாளைக்கு ஒரு புதிய பொருள், கொஞ்சமாக, நன்றாக மென்று. பைக்குள் மலம் தண்ணீராகப் போனால் குழைந்த வெள்ளைச் சோறு, வாழைப்பழம், தோல் நீக்கிய உருளைக்கிழங்கு கெட்டிப்படுத்தும். இனிப்பு பானங்களும் ஜிகர்தண்டாவும் சர்க்கரையை ஏற்றும், குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியையும் கூட்டும்.

சர்க்கரை மாத்திரையில் ஒரு சிக்கல். பை இருப்பது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் என்பதால், மெதுவாகக் கரையும் மாத்திரைகள் கரையாமல் முழுசாகவே பையில் விழலாம். மெட்ஃபார்மின் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று இருந்தால் அந்த வகைதான். பையில் மாத்திரை கிடந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆபரேஷனையொட்டிய நாள்களில் சர்க்கரை 180-ஐத் தாண்டாமல் இருந்தால் புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு குறையும்.

பையோடு வாழ்வது

இந்தப் பை, சிறுகுடலைத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து வைப்பது. குடல் வாய் சிவப்பாக, ஈரமாக, உதட்டின் உட்புறம் போல இருக்க வேண்டும். துடைக்கும்போது ஓரிரு சொட்டு ரத்தம் வரலாம். தொட்டால் வலிக்காது, அதில் வலி உணரும் நரம்பு கிடையாது. கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் அன்றே ஆஸ்பத்திரி.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். நிறைய விட்டால் கனத்தில் தகடு இழுபட்டுப் பிரியும். தகட்டை 3 முதல் 5 நாளுக்கு ஒருமுறை மாற்றலாம். நம் சித்திரை வெயிலில் வியர்த்துச் சீக்கிரம் விடும், அப்போது கூடுதலாக இரண்டு தகடு கையிருப்பு வேண்டும். மாற்ற நல்ல நேரம் அதிகாலை, காபி குடிப்பதற்கு முன். குடல் அப்போதுதான் அமைதியாக இருக்கும். தகட்டை இழுத்துப் பிய்க்காமல், ஒரு கையால் தோலைக் கீழே அழுத்திக்கொண்டே மெல்ல உரியுங்கள். வெறும் தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றி, முழுதாகக் காயவிடுங்கள். டெட்டால், தேங்காய் எண்ணெய், மஞ்சள், முகப் பவுடர் எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தகடு ஒட்டாது.

தகட்டின் ஓட்டையை வெட்டுவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. குடல் வாயை அளந்து, அதைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் இடைவெளியில் தோல் தெரியும். சிறுகுடல் மலத்தில் செரிமான நொதிகள் இருப்பதால் அந்தத் தோல் வெந்துபோகும். முதல் ஆறேழு வாரத்தில் வீக்கம் வற்றிக் குடல் வாய் சிறுத்துக்கொண்டே போகும். ஆகவே ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்த அளவையே பிடித்துக்கொண்டிருக்காமல் வாராவாரம் அளங்கள். ஊரில் பை கிடைக்காமல் போகலாம். மதுரையில் பனகல் சாலைப் பக்கத்து மருந்துக் கடைகளில் விசாரித்து, பெயரும் அளவும் எழுதி வைத்துக்கொண்டு, பத்து நாளுக்குத் தேவையானது கையில் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

இந்தப் பை வைத்தவர்கள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர முதல் காரணம் நீரிழப்பு. பெருங்குடல் வரை மலம் போகாததால் அது உறிஞ்ச வேண்டிய தண்ணீரும் உப்பும் பையில் போய்விடுகிறது. வழக்கமாக ஒரு நாளைக்கு 500 முதல் 1000 மில்லி வரும். முதல் சில வாரம் ஒரு லிட்டர் அளவு மக் வைத்துக்கொண்டு, காலி செய்யும் ஒவ்வொரு முறையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அபாயம். சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாவது, எழுந்தால் தலை சுற்றுவது, கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவை அடையாளங்கள்.

அப்போது வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடிக்க வைப்பது நிலைமையை மோசமாக்கும். உப்பில்லாத தண்ணீர் சிறுகுடலுக்குள் உப்பை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு, அதனால் அதுவும் போதாது. ஓஆர்எஸ் பவுடரை அட்டையில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்து, ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், சிறு சிறு மடக்காக. பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர்தான், ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கக் கூடாது. அவசரத்துக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு எப்படி என்று தயங்க வேண்டாம், உப்பை உள்ளே கொண்டுபோக அந்தச் சர்க்கரை தேவை. ரத்தச் சர்க்கரை அளவைப் பார்த்து, டாக்டரைக் கேட்டு மருந்தைச் சரிசெய்துகொள்ளலாம். அப்படிப்பட்ட நாளில் மெட்ஃபார்மினும், சிறுநீர் பிரியக் கொடுக்கும் பிரஷர் மாத்திரையும் தொடரலாமா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பேதியைக் கட்டுப்படுத்தும் லோபெராமைடு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டால்தான் பலன்.

இதற்கு நேர் எதிர் நிலை: பையில் ஆறு மணி நேரமாக எதுவுமே வராமல், வயிறு முறுக்கி வலித்து வாந்தியும் வந்தால் அடைப்பு. ஓமத் தண்ணீர், சோடா, விளக்கெண்ணெய் எதையும் கொடுக்காமல் புறப்படுங்கள். பேதிக்குக் கொடுப்பது, எனிமா வைப்பது இரண்டும் இந்த ஆபரேஷன் ஆனவருக்கு எப்போதும் டாக்டர் சொல்லாமல் கூடாது. வெளித் தையல் ஆறிய பிறகும் உள்ளே குடல்கள் ஒட்டிக்கொண்டு, வருடங்கள் கழித்தும் இப்படி அடைக்கலாம். அதனால் ஆபரேஷன் பைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வீட்டு வேலையும் பூக்காடும்

இரண்டு நாளுக்குப் பிறகு குளிக்கலாம், தையலைச் சோப்பு நீர் ஓடவிட்டு ஒற்றித் துடைத்தால் போதும். ஸ்டேப்லர் கம்பி இருந்தால் 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். ஆறு வாரத்துக்கு 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 12 முதல் 15 கிலோ வரும், அது அறவே கூடாது. வயிற்றுத் தசை ஒட்டும் முன் பாரம் ஏறினால் தையல் வழியாகவோ பையைச் சுற்றியோ குடலிறக்கம் வரும், அதற்கு இன்னொரு ஆபரேஷன். அடுப்பு வேலை, காய் நறுக்குவது, தெருவில் நடப்பது எல்லாம் முதல் வாரத்திலிருந்தே நல்லது.

மல்லிகை எடுப்பது கனமான வேலை இல்லை. ஆனால் குனிந்தே நிற்க வேண்டும், மடியும் இறுகும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, டாக்டர் பார்த்த பிறகு, ஒரு மணி நேரத்திலிருந்து தொடங்கலாம். பை பெரும்பாலும் வலதுபக்க அடிவயிற்றில் இருக்கும். பூ போடும் துணியை இடுப்பில் கட்டாமல் தோளில் மாட்டிக்கொள்ளட்டும். காட்டுக்குப் போகும்போது ஓஆர்எஸ் பாட்டிலும் மாற்றுப் பையும் கூடவே. மண்வெட்டி வேலை, மூட்டை தூக்குவது மூன்று மாதம் வேண்டாம், பை இருக்கிறவரை தவிர்த்தால் இன்னும் நல்லது.

பையை மூடிய பிறகு

கீமோ இல்லையென்றால் 8 முதல் 12 வாரத்தில், இணைப்பு ஆறியதைச் சோதித்துவிட்டு, பையை எடுத்துக் குடல் வாயை உள்ளே வைத்து மூடுவார்கள். கீமோ உண்டென்றால் பெரும்பாலும் அது முடிந்த பிறகு. எல்லோரும் ஆவலோடு காத்திருக்கும் நாள் இது, ஆனால் அதன் மறுநாளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மலத்தைத் தேக்கி வைக்கும் மலக்குடலின் பெரும்பகுதி போய்விட்டது. அதனால் முதலில் ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை கூட வெளிக்குப் போக நேரிடும். போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி வரும், வந்தால் அடக்க முடியாது. ஆபரேஷன் கெட்டுவிட்டதோ என்று பயந்துவிடுகிறார்கள். இது எதிர்பார்த்ததுதான். மெதுவாக, ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் குறையும். இப்போதிருந்தே ஆசனவாய்த் தசையை இறுக்கி ஐந்து நொடி பிடித்து விடும் பயிற்சியைத் தினமும் மூன்று வேளை, பத்துப் பத்து முறை செய்தால் அப்போது உதவும். இசப்கோல், லோபெராமைடு இரண்டின் அளவையும் டாக்டர் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வார். கழுவிய பிறகு தேய்க்காமல் ஒற்றி, துத்தநாகக் களிம்பு தடவினால் தோல் புண்ணாகாது.

எடுத்த கட்டியின் பயாப்சி அறிக்கையை மறக்காமல் வாங்குங்கள். எத்தனை நிணநீர்க் கட்டிகளைப் பார்த்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது, வெட்டியெடுத்த பகுதியின் ஓரங்கள் நோயில்லாமல் சுத்தமா என்ற மூன்று வரிகள்தான் அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்கும். கீமோ தேவை என்றால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்க வேண்டும். அதற்குள் அம்மா எடை ஏறியிருக்க வேண்டும் என்பதால்தான் முட்டைக் கணக்கில் இவ்வளவு அழுத்தம். முதல் இரண்டு ஆண்டு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சிஇஏ ரத்தப் பரிசோதனையும், ஓராண்டு முடிவில் கொலோனோஸ்கோப்பியும் (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்வது வழக்கம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 60 வயதுக்குள் அம்மாவுக்கு இந்த நோய் வந்திருப்பதால், பிள்ளைகளான நீங்களும் அம்மாவின் உடன்பிறந்தவர்களும் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் 40 வயதில் கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும், பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. மாமா, சித்தி யாராவது 40-ஐத் தாண்டியிருந்தால் அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரும்போதே இந்தப் பரிசோதனைக்குச் சீட்டு போட்டுவிடுங்கள்.